உதவாமல் இருக்கும் ஒரு மணி நேரம்

மேசைமேல் ஒன்பது கட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு முகம் சிவப்பு, இரண்டு முகம் வெள்ளை. மீதி இரண்டும் மூலைக்கு மூலை பிரித்துப் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. எதிரே ஒன்பது வயதுப் பையன். படத்தில் இருக்கும் வடிவத்தை அவன் கட்டைகளால் அடுக்கிக் காட்ட வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு கட்டையைக் கால் சுற்று திருப்பினால் போதும், வடிவம் முடிந்துவிடும். அவனுக்கு அது தட்டுப்படவில்லை.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கல்வி உளவியலாளர் ஆவதற்குப் பயிற்சி பெறுகிறார். இப்படி ஒரு குழந்தை திணறும் நேரத்தில் இத்தனை காலமும் அவர் கை தானாக நீளும். சொல்லுக்கு அடியில் விரல் வைப்பார், முதல் எழுத்தை உச்சரித்துக் காட்டுவார், கட்டையை லேசாகத் தட்டிவிடுவார். இன்று அந்தக் கை மடியிலேயே கிடக்க வேண்டும். “இதைத் திருப்பிப் பாரேன்” என்று சொல்லக்கூடாது. பையன் சரியாகவே முடித்தாலும் “சரி” என்று சொல்லிவிடக்கூடாது. முயற்சியைப் பாராட்டலாம், அவ்வளவுதான். கேள்வியைக்கூடத் தன் சொந்தச் சொற்களில் கேட்க அனுமதி இல்லை. கையேட்டில் அச்சிட்டிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும்.

வகுப்பறையிலிருந்து உளவியலுக்குப் போகிறவர்கள் கற்க வேண்டியவற்றில் மிகக் கடினமானது இந்தச் சும்மா இருத்தல்தான் என்று நினைக்கிறேன். புத்தகத்தைப் படித்துவிடலாம். புள்ளியியலையும் பழகிவிடலாம். உதவியே தொழிலாக வாழ்ந்த ஒருவர் ஒரு மணி நேரம் உதவாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? அந்தப் பையன் வாங்கும் மதிப்பெண் தனியாக எதையும் சொல்லாது. அதே கட்டைகளை, அதே சொற்களைக் கேட்டு, அதே நேர அளவில் அடுக்கிய அவன் வயதுக் குழந்தைகளோடு வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் வரும். இந்தக் கட்டைகள் இடம்பெறும், உலகெங்கும் புழங்கும் வெக்ஸ்லர் சிறார் நுண்ணறிவுத் தேர்வின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதற்கு முன்பு அமெரிக்காவில் 2,200 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, வயதை மாதக் கணக்கில் கூறுபோட்டு, அட்டவணைகள் தயாரித்தார்கள். தேர்வு நடத்துபவர் ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்துவிட்டால், அது கடைக்காரர் கைபட்ட தராசுபோல் ஆகிவிடும். முள் எங்கே நின்றாலும் அது எடை இல்லை.

அந்த அட்டவணையின் சூட்சுமம் அழகானது. எந்த வயதானாலும் அந்த வயதின் சராசரி 100 என்று வைத்துவிடுகிறார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 68 குழந்தைகள் 85க்கும் 115க்கும் நடுவில் விழுவார்கள். 70க்குக் கீழே வருவது நூற்றுக்கு இரண்டு பேர்தான். முப்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு குழந்தை 85 வாங்கினால், அதற்குப் பின்னால் நாலைந்து பேர் இருப்பார்கள், முன்னால் ஏறக்குறைய இருபத்தைந்து பேர். பள்ளித் தேர்வில் 85 மதிப்பெண் என்று கேட்டால் நாம் மகிழ்ந்துபோவோம். இங்கே அதே எண் வேறு கதை சொல்கிறது. பெற்றோரிடம் இதை விளக்காமல் எண்ணை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதிலும் ஒரு வியப்பு உண்டு. அந்த 100 ஓரிடத்தில் நிற்பதில்லை. நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் பல நாடுகளின் பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம் மனிதர்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிருந்தது. அந்த வேகத்தில், முப்பது வருஷப் பழைய அட்டவணையை வைத்து இன்றைய சராசரிக் குழந்தையைச் சோதித்தால் 109 என்று காட்டும். அதே காரணத்தால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தை பழைய அட்டவணையில் எல்லைக்கு மேலே நின்று தப்பிவிடும். அதற்குக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும். சில நாடுகளில் இந்த ஏற்றம் அண்மையில் நின்றிருக்கிறது, இறங்கவும் செய்திருக்கிறது. எப்படியானாலும் தேர்வை அடிக்கடி புதுப்பித்தாக வேண்டும்.

கட்டைகளுக்குத் திரும்புவோம். 1920இல் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கோஸ் உருவாக்கிய யோசனை அது. நூறு ஆண்டு தாண்டியும் பிழைத்திருப்பதற்குக் காரணம், பேச்சே இல்லாமல் சிந்தனையைக் கண்முன் நடக்கவைப்பதுதான். ஒரு குழந்தை மூலையிலிருந்து தொடங்குகிறது. இன்னொன்று நடுவிலிருந்து. ஒன்று படத்தைப் பார்த்து, யோசித்து, கட்டையைக் கையில் எடுக்கும்போதே சரியான முகத்தோடு எடுக்கிறது. வேறொன்று எடுத்துப் பார்த்து, வைத்துப் பார்த்து, மாற்றி வைக்கிறது. இன்னொன்று உள்கோலத்தைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டு, வெளிச் சதுரத்தின் வடிவத்தைக் கோட்டைவிடுகிறது. ஐந்து பேரும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். ஐந்து பேருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றாக இருக்காது. கைகளைக் கட்டிப்போட்ட நம் முன்னாள் ஆசிரியருக்கு இங்கே கண்கள் கைகொடுக்கின்றன. எந்த நொடியில் குழந்தை நம்பிக்கை இழந்தது, எந்த நொடியில் ஊகிக்க ஆரம்பித்தது என்பதை வகுப்பறையில் பல்லாயிரம் முறை பார்த்தவர் அவர்.

அடுத்து எண்களைத் திருப்பிச் சொல்லும் விளையாட்டு. “4, 9, 2” என்றால் “2, 9, 4” என்று பின்னாலிருந்து சொல்ல வேண்டும். இது சோதிப்பது செயல்நினைவை. ஒரு தகவலை மனத்தில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்யும் திறனுக்கு அந்தப் பெயர். “நோட்டை எடு, தேதி போடு, முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைச் செய்” என்று வகுப்பில் ஒரே மூச்சில் சொல்கிறோம். செயல்நினைவு சிறிதாக உள்ள குழந்தை நோட்டை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் மேசையை எட்டிப் பார்க்கும். ‘கவனமே இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுவோம்.

பிரிட்டன் ஆய்வாளர்கள் சூசன் கேதர்கோல், டிரேசி அலோவே இருவரும் ஆசிரியர்களுக்காக எழுதிய கையேட்டில் ஒரு கணக்குத் தருகிறார்கள். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் முப்பது பேர் உள்ள சாதாரண வகுப்பில் மூன்று பேருக்காவது நாலு வயதுக் குழந்தையின் செயல்நினைவுதான் இருக்கும். மூன்று பேருக்குப் பதினொரு வயதுக்காரரின் செயல்நினைவு இருக்கும். ஏழு வருஷ இடைவெளி ஒரே அறையில், ஒரே கரும்பலகைக்கு முன்னால்! இதைப் படித்த பிறகு எந்த வகுப்பைப் பார்த்தாலும் முன்புபோல் பார்க்க முடிவதில்லை.

வாசிப்பு இதைவிடச் சிக்கலானது. 1986இல் ஆய்வாளர்கள் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் அதை ஒரே பெருக்கல் கணக்காகச் சுருக்கினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று. கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் இல்லாமல் பெருக்கலாக இருப்பதுதான் இதன் நுட்பம். ஆங்கில எழுத்து தெரிந்த யாரும் ஸ்பானிய நாளிதழை ஒருவாறு சத்தமாக வாசித்துவிடலாம், ஒரு வரியும் புரியாது. ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம். ஆக, “இவனுக்கு வாசிக்க வரவில்லை” என்ற ஒரே புகாருக்குப் பின்னால் வெவ்வேறு குழந்தைகள் இருக்கிறார்கள். கதை சொன்னால் கண் விரியக் கேட்டு, புத்தகத்தைத் திறந்தால் சுருங்கிப்போகும் குழந்தை ஒன்று. தடங்கலில்லாமல் பக்கம் முழுதும் வாசித்துவிட்டு என்ன படித்தோம் என்று தெரியாமல் விழிக்கும் குழந்தை இன்னொன்று. முதல் குழந்தைக்குப் பொருத்தமான பயிற்சியை இரண்டாவதற்குக் கொடுத்தால் ஒரு வருஷம் வீணாகும்.

முதல் வகைச் சிக்கலின் வேர் பல நேரம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், கேட்ட சொல்லை ஒலிகளாக உடைத்துப் பார்க்கும் ஒலியுணர்வில் இருக்கிறது. கட்டை, மட்டை, சட்டை, பானை என்று சொல்லி இவற்றில் சேராதது எது என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் பானையைப் பிடித்துவிடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் இருவரும் நாலைந்து வயதுக் குழந்தைகள் சுமார் நானூறு பேரிடம் இதே மாதிரியான விளையாட்டை ஆங்கிலத்தில் நடத்தி, சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். எழுத்தே தெரியாத வயதில் இந்த விளையாட்டில் தடுமாறியவர்கள் பிற்பாடு வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தடுமாறுவது அதிகம் என்று 1983இல் அறிவித்தார்கள். ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்த குழந்தைகள் முன்னேறினார்கள் என்பது அதைவிட நல்ல செய்தி.

லண்டனின் ஹாரோ, நியூஹாம் போன்ற பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் நிறைய உண்டு. அண்மையில்தான் அங்கே போய்ச் சேர்ந்த தமிழ்க் குழந்தையைச் சோதிக்கும்போது உளவியலாளர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பன்றியைக் குறிக்கும் சொல்லும் பெரியதைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியில் மட்டும் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பிக்’. அந்தக் குழந்தை இரண்டையும் மாற்றி எழுதினால் அது குறைபாடா, வீட்டு மொழியின் பழக்கமா? ஒரு மணி நேரத் தேர்வு இதற்குப் பதில் சொல்லாது. வீட்டு மொழியில் அது எப்படிப் பேசுகிறது, எப்போது பேசத் தொடங்கியது என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இவ்வளவு நேரம் அளவுகோலைப் பற்றிப் பேசினோம். இப்படி ஒரு அளவுகோலை முதலில் உருவாக்கியவருக்கே அதன்மேல் ஒரு கவலை இருந்தது. பாரிஸில் 1904இல், வழக்கமான வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று பார்க்க அரசு ஒரு குழுவை அமைத்தது. உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே அதில் இருந்தார். தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். முதல் சோதனை, எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. போகப் போகக் கடினமாகி, நெருக்கமான இரு கருத்துகளுக்கு உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்வதுவரை போகும். சிறப்பு உதவி யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இதை அவர் செய்தார். அறிவு பிறப்பிலேயே அளந்து ஊற்றப்பட்டது, அதைக் கூட்ட முடியாது என்று சொன்னவர்களை 1909இல் எழுதிய நூலில் வெளிப்படையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் சிறப்பு வகுப்புகளில் நடத்தியும் காட்டினார். சில விநாடி அசையாமல் சிலைபோல் நிற்பது, ஒரு பலகையில் ஒட்டிய பொருள்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்வது என்று அவையெல்லாம் விளையாட்டுகள். 1911இல் அவர் இறந்தபிறகு அளவுகோல் பல நாடுகளுக்குப் போனது. எச்சரிக்கை அதோடு சேர்ந்து போகவில்லை என்பது கல்வி வரலாற்றின் பெரிய சோகங்களில் ஒன்று.

அந்த எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் பலர் ஆசிரியர்களாக வாழ்வைத் தொடங்கியவர்கள். இந்தத் துறையின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

1929இல் சிகாகோவுக்கு அருகே ஓக் ஃபாரஸ்ட் என்ற ஊரில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்றும் தவறு செய்தவர்கள் என்றும் முத்திரை குத்தப்பட்ட சிறுவர்களின் விடுதியில், சாமுவேல் கிர்க் என்ற மாணவர் பகுதி நேர வேலை பார்த்தார். அங்கிருந்த பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. படிக்க வேண்டும் என்று ஆசை மட்டும் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மற்றவர்கள் தூங்கியதும் படுக்கையிலிருந்து நழுவி வருவான். இரண்டு படுக்கை அறைகளுக்கு நடுவே, கழிப்பறை வாசலில் உட்கார்ந்து இருவரும் படிப்பார்கள். ஏழு மாதத்தில் மூன்றாம் வகுப்பு அளவுக்கு வாசித்தான். விடுதியிலிருந்து விடுவித்து வெளியே அனுப்பினார்கள். அந்தப் பையனைப் பற்றிப் பேச வரும்படி சிகாகோவின் ஆய்வு நிறுவனம் ஒன்று கிர்க்கை அழைத்தது.  1963இல் சிகாகோவில் பெற்றோர்கள் கூடிய மாநாட்டில், இப்படிப்பட்ட குழந்தைகளைக் குறிக்க ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரை முன்வைத்தவர் அவர்தான். ‘மந்தம்’ என்ற பழைய முத்திரைக்குள் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளுக்கு அந்தப் பெயர் ஒரு கதவைத் திறந்தது.

லெவ் விகோட்ஸ்கி இன்றைய பெலாரூஸில் உள்ள கோமெல் நகரில் ஆசிரியராக இருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சின்ன உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றையும் நடத்தினார். 1924இல் மாஸ்கோவுக்குப் போய், கண் தெரியாத, காது கேளாத, வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளின் கல்வியில் இறங்கினார். பத்து ஆண்டில், 37 வயதில், காசநோயால் இறந்துவிட்டார். அதற்குள் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் இந்தத் தொழிலை நடத்துகிறது. பத்து வயதுக் குழந்தைகள் இரண்டு பேர். தனியாக விட்டால் இருவரும் எட்டு வயதுக்குரிய கணக்குகளைத்தான் போடுகிறார்கள். அளவுகோலுக்கு இருவரும் சமம். இப்போது கொஞ்சம் கைகொடுத்துப் பாருங்கள். ஒரு குழந்தை ஒன்பது வயதுக் கணக்குவரை வருகிறது. இன்னொன்று பன்னிரண்டு வயதுக் கணக்குவரை போகிறது. இவர்கள் சமமா? தனியாகச் செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தை அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். கற்பித்தல் பலிப்பது அந்த இடைவெளியில்தான்.

ருமேனியாவில் பிறந்த ரூவன் ஃபாயர்ஸ்டைன் இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் பாலஸ்தீனத்துக்கு வந்து, நாஜி முகாம்களிலிருந்து தப்பிய குழந்தைகளுக்கு ஆசிரியரானார். பிறகு மொராக்கோவிலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குழந்தைகளைச் சோதிக்கும் வேலை வந்தது. தேர்வு முடிவுகளின்படி ஏராளமானவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். அவர் நம்பவில்லை. தேர்வின் நடுவிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சொல்லிக்கொடுத்ததும் குழந்தை எவ்வளவு மாறுகிறது என்பதையே அளந்தார்.

இந்த முறைக்கு இயங்கு மதிப்பீடு என்று பெயர். நம் முன்னாள் ஆசிரியரின் கை மடியைவிட்டு எழுவது இங்கேதான். ஆனால் உதவி இப்போது கணக்கு வைத்து வருகிறது. 1980களில் அமெரிக்காவில் ஆன் பிரவுன், ஜோசப் கம்பியோனே இருவரும் குறிப்புகளைப் படிவரிசையாக அமைத்தார்கள். முதல் குறிப்பு மிக மெலிதாக இருக்கும்: “இதற்கு முன்பு செய்ததில் ஏதாவது இங்கே உதவுமா?” கடைசிக் குறிப்பு ஏறக்குறைய விடையையே சொல்லிவிடும். குழந்தைக்கு எத்தனை குறிப்புத் தேவைப்பட்டது என்பதே மதிப்பெண். அடுத்த வாரம் கொஞ்சம் மாற்றிய கணக்கைக் கொடுத்தால் எத்தனை தேவைப்படுகிறது? ஐந்து இரண்டாகக் குறைந்திருந்தால் அந்தக் குழந்தைக்குக் கற்கத் தெரிகிறது என்று பொருள். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் தினமும் உள்ளுணர்வால் செய்துகொண்டிருந்ததை யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்!

உதவாமல் காத்திருப்பதற்கும் தனியாக ஒரு அறிவியல் இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கேட்கிறோம், அல்லது நாமே சொல்லிவிடுகிறோம். அதை மூன்று விநாடியாக்கச் சொன்னார். பதில்கள் பலமடங்கு நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், குழந்தைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு விநாடிக்கு இவ்வளவு பலன்!

ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரம் என்று போனால் எத்தனை குழந்தைகளைப் பார்க்க முடியும்? இந்தக் கணக்கு 1949 வாக்கில் ஜெருசலேமில் ஜெரால்ட் கேப்லன் என்ற மனநல மருத்துவர் முன் வந்து நின்றது. போரில் எல்லாம் இழந்து வந்த சிறார்கள் சுமார் 16,000 பேர் விடுதிகளில் சிதறிக் கிடந்தார்கள். அவருடைய குழு மிகச் சிறியது. எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்க்க ஒரு ஆயுள் போதாது. விடுதிகளுக்கே போய், குழந்தைகளோடு நாள் முழுதும் இருக்கும் பணியாளர்களிடம் பேசத் தொடங்கினார்கள். ஒரே பிள்ளையின் அழுகையை இரண்டு காப்பாளர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது தெரிந்தது. பெரியவரின் பார்வை கொஞ்சம் நகர்ந்தால் பிள்ளையின் நிலையும் நகர்ந்தது. கலந்தாய்வு என்று இன்று கல்வி உளவியலாளர்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி அங்கே முளைத்தது.

வகுப்பறையிலிருந்து வருகிறவருக்கு இது இரண்டாவது பெரிய மாற்றம். முன்பு பிள்ளை அவர் பக்கத்தில் இருந்தது. இப்போது பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பெரும்பாலும் களைத்துப்போய். “எப்போது பார்த்தாலும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான்” என்கிறார் ஆசிரியை. எப்போது பார்த்தாலுமா? எந்தப் பாடவேளையில், அதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது, அவன் அடியில் போனதும் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தால், சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லும் பாடவேளைகளில் மட்டும்தான் போகிறான் என்று ஆசிரியையே கண்டுபிடிப்பார். அங்கே போனால் வாசிக்க வேண்டியதில்லை. பிடிவாதம் என்று தெரிந்தது, அவனுக்குத் தெரிந்த ஒரே தப்பும் வழியாக மாறுகிறது. வகுப்பு நடத்திய அனுபவம் உள்ளவர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் தொனிக்காது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனை மட்டும் கவனிப்பது என்ன பாடு என்று அவருக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் இந்தத் தொழில் 1913இல் ஒரே ஒருவரோடு தொடங்கியது. லண்டன் மாநகர நிர்வாகம் சிரில் பர்ட்டைப் பகுதி நேரமாக அமர்த்தியது. (இரட்டையர் பற்றிய அவருடைய பிற்கால ஆய்வுகளின் நம்பகம் அவர் இறந்தபிறகு தகர்ந்துபோனது வேறு கதை.) 1978இல் மேரி வார்னாக் தலைமையிலான குழு, ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளி வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படும் என்றது. அன்று பலருக்கு அதிர்ச்சியாக இருந்த கணிப்பு அது. 2024 ஜனவரிக் கணக்கின்படி இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களில் 13.6 விழுக்காட்டினர் பள்ளி அளவில் சிறப்பு உதவி பெற்றார்கள், இன்னும் 4.8 விழுக்காட்டினருக்குச் சட்டப்படியான தனித் திட்டம் இருந்தது. முப்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள். வார்னாக் குழு சொன்னதிலிருந்து அதிகம் விலகவில்லை.

2006 வரை அங்கே கல்வி உளவியலாளர் ஆக விரும்புகிறவர் ஆசிரியராக இருந்தே தீர வேண்டும். அதன்பிறகு பயிற்சி மூன்றாண்டு முனைவர் படிப்பாக மாறியது, ஆசிரியர் அனுபவம் கட்டாயம் என்ற விதி போனது. இப்போது பேச்சுப் பயிற்சியாளர்கள், உதவியாசிரியர்கள், இளைஞர் நலப் பணியாளர்கள் என்று பலரும் வருகிறார்கள். துறைக்கு அது நல்லதுதான். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் இன்று இந்தப் பாதையில் இறங்கினால், உளவியலில் பட்டம் இல்லாதபட்சத்தில் முதலில் அதற்கான மாற்றுப் படிப்பை முடிக்க வேண்டும். பிறகு மூன்றாண்டுப் பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். அரசு செலவை ஏற்கும் இடங்கள் அண்மை ஆண்டுகளில் இருநூறை ஒட்டியே இருந்திருக்கின்றன. படிப்பை முடித்துப் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 2009 முதல் அது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். நாற்பது வயதில் வீட்டுக்கடனையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மறுபடி மாணவராவது எளிதில்லை. ஆனாலும் போகிறார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்ததை ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் செய்ய முடியும் என்ற எண்ணம் அவர்களை இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த எண்ணம் நிறைவேறுவது கடைசியில் ஒரு காகிதத்தில். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவி அதிகம் தேவைப்படும் குழந்தைக்கு உள்ளாட்சி அமைப்பு கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் இணைத்த திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். தேவைப்பட்டால் 25 வயதுவரை அது நீடிக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். கல்வி உளவியலாளரின் கருத்து அதில் கட்டாயம். கேட்ட ஆறு வாரத்துக்குள் அவர் அதைக் கொடுத்தாக வேண்டும். திட்டத்தின் முதல் பகுதியில் இருப்பது நோயின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும், என்னவாக விரும்புகிறது என்று அதுவும் பெற்றோரும் சொன்னவை.

பிறகு, என்ன உதவி தரப்படும் என்ற பகுதி வருகிறது. அதில் எழுதியிருக்கும் கல்வி உதவியைக் கொடுக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் சட்டக் கடமை. கொடுக்காவிட்டால் பெற்றோர் நீதிமன்றம்வரை போகலாம். அதனால் அங்கே ஒவ்வொரு சொல்லும் பணம், ஒவ்வொரு சொல்லும் ஒரு மனிதரின் நேரம். ‘வாசிப்பில் அவ்வப்போது தகுந்த ஆதரவு வழங்கலாம்’ என்று எழுதினால் யாரும் எதையும் செய்யாமல் தப்பிக்கலாம். ‘வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், பயிற்சி பெற்ற உதவியாசிரியர் ஒருவர் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தை அளக்க வேண்டும்’ என்று எழுதினால் தப்பிக்க வழியில்லை. உளவியல் படிப்பு அந்தப் பத்து நிமிடத்தை நியாயப்படுத்தக் கற்றுக்கொடுக்கும். மதிய உணவுக்குப் பிறகு வைத்தால் பலிக்காது, காலை வருகைப் பதிவு முடிந்த கையோடு வைக்க வேண்டும் என்பதை எழுதவைப்பது வகுப்பறையில் கழித்த ஆண்டுகள். அந்தக் குழந்தை வாரமெல்லாம் காத்திருக்கும் விளையாட்டு வேளையிலிருந்து அதை எழுப்பிக் கூட்டிப்போகக் கூடாது என்று அதே பகுதியில் இன்னொரு வரியையும் அந்த முன்னாள் ஆசிரியர் சேர்த்துவிடுவார்.